12 ட்ராக், ஒரே டேப்: ஹெச்டி ஒளிபரப்புக்கு ஒலி ஒப்படைத்த அனுபவம்

52 நிமிட ஆவணப்படம் ஒன்றின் ஒலியை, சோனியின் ஒளிபரப்பு வீடியோ டேப்பான ஹெச்டிகேம் எஸ்ஆரில் ஏற்றி, ஓர் ஒளிபரப்பு நிலையத்துக்கு ஒப்படைக்கும் பொறுப்பு 2011-ஆம் ஆண்டின் நடுவில் எனக்கு வந்து சேர்ந்தது. மிக்ஸிங் முடிந்திருந்தது; இயக்குநர் கேட்டு ஒப்புதலும் அளித்துவிட்டார்; இனி டேப்பில் ஏற்றி அனுப்புவதுதான் பாக்கி என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். அந்தப் பாக்கி வேலை பதினோரு நாள்களைத் தின்றது. எந்த இடத்தில் எவ்வளவு நேரம் போனது, எது தவறிப்போனது, எப்படிச் சரிசெய்தேன் என்பதை அப்போது எழுதிவைத்த குறிப்பேட்டிலிருந்து இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதல் சிக்கல் டேப் கிடைப்பதே. அந்த ஆண்டு மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்குக் கரையில் எழுந்த சுனாமி, மியாகி மாநிலத்தின் தகாஜோ நகரில் இருந்த சோனி ஆலைக்குள் புகுந்தது. எஸ்ஆர் டேப் அங்கேதான் தயாராகிக்கொண்டிருந்தது. அடுத்த சில மாதங்கள் உலகெங்கும் அந்த டேப்புக்குத் தட்டுப்பாடு. என்னால் வாங்க முடிந்தது ஒரே ஒரு புதிய கேசட். ஏற்கெனவே பதிந்து அழித்த டேப்பை ஏற்க மாட்டோம் என்று நிலையம் தன் விதிமுறை ஆவணத்தில் தெளிவாக எழுதியிருந்தது. ஆகவே என்ன பிழை நேர்ந்தாலும் அதே கேசட்டில்தான் திருத்த வேண்டும் என்ற நிலையில்தான் வேலையைத் தொடங்கினேன்.

அந்த ஆவணத்தில் படத்தைப் பற்றிப் பல பக்கங்கள் இருந்தன; ஒலிக்கு ஒரு பக்கமும் ஓர் அட்டவணையும்தான். படத்தைப் பொறுத்தவரை வேலை எளிது: 1080 வரிகள், விநாடிக்கு 25 ஃப்ரேம், படம் 10:00:00:00 டைம்கோடில் (டேப்பில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் உள்ள நேர முகவரி) தொடங்க வேண்டும். ஒலியின் அட்டவணை இப்படி இருந்தது: 1, 2 ட்ராக்குகளில் முழு ஸ்டீரியோ மிக்ஸ், 3, 4-இல் எம் அண்ட் ஈ, அதாவது பேச்சு நீங்கலாக இசையும் சூழலொலியும் மட்டும், 5 முதல் 10 வரை 5.1 மிக்ஸின், அதாவது ஐந்து ஸ்பீக்கரும் ஒரு தாழ்வொலிச் சேனலும் சேர்ந்த சுற்றொலியின், ஆறு சேனல்கள். 11, 12-இல் டால்பி ஈ. எஸ்ஆர் டேப் கேட்டதன் காரணமும் இதுவே. 1997-இல் வந்த பழைய ஹெச்டிகேமில் 20 பிட் ட்ராக்குகள் நான்கே உண்டு. 2003-இல் வந்த எஸ்ஆரில் 24 பிட் ட்ராக்குகள் பன்னிரண்டு. டால்பி ஈ என்பது எட்டுச் சேனல் வரை குறுக்கி ஒரே ஜோடி ட்ராக்கில் அடைக்கும் முறை. நான்கு ட்ராக் மட்டுமே இருந்த காலத்தில் 5.1 ஒலியை நிலையத்துக்குள் நகர்த்த அதுவே வழி. தனித்தனி ஆறு சேனலும் கேட்டு, டால்பி ஈயும் கேட்பது ஒரே பொருளை இரண்டு பைகளில் வாங்குவதுபோல எனக்குப் பட்டது. ஆனால் ஒளிபரப்புப் பிரிவுக்கு ஒன்று, காப்பகத்துக்கு மற்றொன்று என்று பிறகு அவர்களே விளக்கினார்கள்.

அளவுகளைப் பற்றிய குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொண்டேன். ஆவணத்தில் இரண்டு எண்கள் இருந்தன: −18, −23. டேப்பின் தலைப்பகுதியில் வண்ணப்பட்டைகளோடு சேர்த்துப் பதிய வேண்டிய 1 கிலோஹெர்ட்ஸ் தொனி −18 டிபி எஃப்எஸ், அதாவது டிஜிட்டல் உச்ச அளவுக்கு 18 டெசிபெல் கீழே. நிகழ்ச்சியின் சராசரி உரப்பு −23 எல்யூஎஃப்எஸ் (உரப்பை அளக்கும் அலகு). முதல் எண் வெறும் மின்னளவு. அனுப்புகிற டெக்கும் (டேப்பைப் பதிந்து ஓட்டும் கருவி) வாங்குகிற டெக்கும் ஒரே அளவில் நிற்கின்றனவா என்று பார்க்க மட்டுமே அது உதவும். ஐரோப்பிய ஒளிபரப்பு ஒன்றியமான ஈபியூவின் வழக்கு அது, அமெரிக்க வழக்கில் அதே தொனி −20-இல் நிற்கும். இரண்டாவது எண் காதுக்குக் கேட்கும் உரப்பின் கணக்கு. 2010 ஆகஸ்டில் ஈபியூ வெளியிட்ட ஆர் 128 பரிந்துரை நிர்ணயித்த இலக்கு அதுதான். அதற்கு முன்பு உச்ச அளவை மட்டும் பார்த்து மிக்ஸ் செய்த பழக்கத்தில் இருந்தவர்கள், என்னையும் சேர்த்துத்தான், தொனி நிற்கும் இடமே நிகழ்ச்சி நிற்கும் இடம் என்று எண்ணி 5 டிபி ஏற்றிவிடுவதுண்டு. இரண்டு சேனலிலும் −18-இல் ஓடும் தொனியை உரப்பு மீட்டரில் விட்டால் அது −18 எல்யூஎஃப்எஸ் என்றே காட்டும். அதைப் பார்த்து நிகழ்ச்சியையும் அங்கே கொண்டுபோய் நிறுத்தத் தோன்றுவதில் வியப்பில்லை.

தொனியில் இன்னொரு நுணுக்கமும் இருந்தது. ஸ்டீரியோ ட்ராக்குகளில் இடது சேனலின் தொனி மூன்று விநாடிக்கு ஒருமுறை கால் விநாடி அறுந்து மீள வேண்டும். வலது அறாமல் ஓட வேண்டும். எந்தக் கேபிள் எந்தப் பக்கம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட இது போதும். 5.1-க்கு பிளிட்ஸ் என்னும் தொனி வரிசை உண்டு. அதில் ஒவ்வொரு சேனலும் முறைவைத்துத் தனித்தனியே ஒலிக்கும். ஆவணம் அதைக் கேட்கவில்லை, நானும் போடவில்லை. போட்டிருந்தால் ஒரு முழு மாலை மிச்சமாகியிருக்கும்.

உரப்பை அளந்தபோது 5.1 மிக்ஸ் என் மீட்டரில் சரியாக −23.0 காட்டியது. ஆனால் முன்கூட்டியே ஒரு பகுதியை அனுப்பிச் சரிபார்க்கச் சொன்னபோது, நிலையத்தின் மீட்டரில் அதே பகுதி −23.4. கோப்பு ஒன்று, எண் இரண்டு. அரைநாள் கேபிளையும் மென்பொருள் அமைப்பையும் குடைந்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. உரப்பைக் கணக்கிடும்போது மிக மெல்லிய பகுதிகளை மீட்டர் தள்ளிவிடும். எந்த அளவுக்குக் கீழே தள்ளுவது என்பதுதான் கேட். ஆர் 128 முதலில் வந்தபோது அந்த எல்லை சராசரிக்கு 8 எல்யூ (ஒரு எல்யூ என்பது ஒரு டெசிபெல் அளவு உரப்பு) கீழே இருந்தது. 2011-இல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐடியூவின் உரப்பு அளவீட்டுப் பரிந்துரை, பிஎஸ் 1770-2, அதை 10 எல்யூ ஆக்கியது, ஈபியூவும் அதற்கு மாறிக்கொண்டிருந்தது. என் மென்பொருள் பழைய பதிப்பு. எல்லை இரண்டு எல்யூ கீழே இறங்கும்போது, முன்பு தள்ளப்பட்ட மெல்லிய பகுதிகளும் கணக்கில் சேர்ந்து சராசரியை இழுத்துவிடும். காட்டில் காற்றொலி மட்டும் நீளும் காட்சிகள் நிறைந்த படம் இது. வேறுபாடு தெரியத்தான் செய்யும். மீட்டரைப் புதுப்பித்ததும் இரண்டு எண்களும் ஒன்றாயின. மிக்ஸ் முழுவதையும் 0.4 டிபி உயர்த்தினேன்.

ஸ்டீரியோவை 5.1-இலிருந்தே இறக்கினேன்: நடுச் சேனலும் பின்னால் ஒலிக்கும் சரவுண்ட் சேனல்களும் 3 டிபி குறைந்து இடது வலதில் சேரும் வழக்கமான கணக்கு. அப்படி இறக்கிய ஸ்டீரியோ −22.2 காட்டியது. நடுச் சேனலை 3 டிபி குறைத்து இரு பக்கமும் பகிர்ந்தால் ஆற்றல் மாறாது. ஆகவே இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவில் வந்திருக்க வேண்டும். பின்னணிக் குரல் நடு ஸ்பீக்கருக்குள் ஒடுங்கிக் கிடப்பதாகப் பட்டதால், அதை இடது வலதுக்கும் கொஞ்சம் பரப்பியிருந்தேன். மூன்று ஸ்பீக்கரிலிருந்து வரும்போது அது இதமாக இருந்தது. இரண்டாக மடிக்கும்போது, ஒரே அலை தன்மீதே ஏறிக் குரலை மட்டும் தூக்கிவிட்டது. ஸ்டீரியோவை 0.8 டிபி தணித்தால் எண் சரியாகிவிடும், ஆனால் குரலுக்கும் சூழலுக்கும் உள்ள விகிதம் கெட்டபடியே இருக்கும். எனவே குரலின் பரப்பலைப் பாதியாகக் குறைத்து மறுபடி இறக்கினேன், −22.8 வந்தது, மிச்சத்தை அளவில் சரிசெய்தேன். உச்ச அளவில் ஒரே இடத்தில், மரம் சாயும் ஒலியில், ட்ரூ பீக் (அலையின் உண்மையான உச்சம்) −0.6 என்று வந்தது. அனுமதி −1 மட்டுமே. அந்த ஒரு நொடிக்கு உச்சத்தை அடக்கும் லிமிட்டர் வைத்தேன், அதோடு முடிந்தது.

டெக் இருக்கும் அறைக்கு நான்காம் நாள்தான் போனேன். அங்கே முதல் வேலை கடிகாரம், அதாவது எல்லாக் கருவிகளையும் ஒரே தாளத்தில் ஓடவைப்பது. 48 கிலோஹெர்ட்ஸில் விநாடிக்கு 25 ஃப்ரேம் என்றால் ஒரு ஃப்ரேமுக்குச் சரியாக 1920 சாம்பிள் (டிஜிட்டல் ஒலியின் ஒற்றை அளவீடு), மிச்சமில்லை, விநாடிக்கு 29.97 ஃப்ரேமாக இருந்தால் 1601.6 என்று இடறும், ஐந்து ஃப்ரேமுக்கு ஒருமுறைதான் முழு எண் வரும். 25-இல் வேலை செய்வது இந்த விதத்தில் வரம். ஆனால் ஒலிக் கணினி தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடினால் அந்த வரத்தால் பயனில்லை. எங்கோ ஒரு சாம்பிள் விழும், எங்கோ ஒரு டிக் ஒலி கேட்கும். டெக், டால்பி ஈ என்கோடர், ஒலிக் கணினி மூன்றுக்கும் தாளம் தரும் ஒரே ரெஃபரன்ஸ் ஜெனரேட்டரிலிருந்து கேபிள் இழுத்து, மூன்றிலும் லாக் விளக்கு நிலையாக எரிகிறதா என்று பார்த்த பிறகே கேசட்டை உறையிலிருந்து எடுத்தேன்.

புதிய டேப்பில் முதலில் கறுப்புப் படத்தையும் தொடர்ச்சியான டைம்கோடையும் 09:57:00:00 முதல் முழு நீளத்துக்கும் பதிந்தேன். இதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். டேப்பில் எதையும் வேகமாக ஓட்டிப் பதிய முடியாது. ஆனால் இந்த ஒரு மணி நேரம்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது. டெக்கில் எடிட்டுக்கு இரண்டு பொத்தான்கள் உண்டு, பக்கத்துப் பக்கத்தில்: அசெம்பிள், இன்சர்ட். அசெம்பிள் என்பது படம், ஒலி, டைம்கோடு, டேப்பின் ஓட்டத்தை வழிநடத்தும் கண்ட்ரோல் ட்ராக் எல்லாவற்றையும் புதிதாக எழுதும். நிறுத்தும் இடத்தில் கண்ட்ரோல் ட்ராக் அறுந்துபோகும். இன்சர்ட், ஏற்கெனவே இருக்கும் கண்ட்ரோல் ட்ராக்கைத் தொடாமல், நாம் தேர்ந்தெடுத்த படத்தையோ ட்ராக்கையோ மட்டும் மாற்றும். டேப் முழுவதும் கறுப்பு ஓடியிருந்தால்தான் இன்சர்ட் செய்ய முடியும். அசெம்பிள் பொத்தானின் மேல் சிறு துண்டு மாஸ்கிங் டேப்பை ஒட்டினேன். அறையில் இருந்த ஆபரேட்டர் சிரித்தார். ஆனால் கடைசி நாள் வரை அதை அவரும் பிய்க்கவில்லை.

படம், பட்டைகள், கவுண்ட்டவுன் கடிகாரம் எல்லாம் ஒரு சுற்று. 1 முதல் 10 வரையான ட்ராக்குகளின் ஒலி அடுத்த சுற்று. டெக் தலைமை, ஒலிக் கணினி அதன் டைம்கோடைப் பின்தொடரும். மீட்டரில் பத்துக் கம்பிகளும் ஆடின, சுற்று முடிந்தது, வேலை முடிந்ததென்று வீட்டுக்குக் கிளம்பும் மனநிலை. இருந்தாலும் டேப்பை முன்னால் சுற்றி, டெக்கின் ஹெட்போன் தேர்வில் ஒவ்வொரு ட்ராக்காகக் கேட்கத் தொடங்கினேன். 5-இல் இடது, சரி. 6-இல் வலது இருக்க வேண்டும். பின்னணிக் குரல் கேட்டது. 7-இல் நடு இருக்க வேண்டும், வலதுபுற இசை. 8-இல் அடித்தாள ஒலி மட்டும் உறும வேண்டிய இடத்தில் பறவைகள் கத்தின. 10-இல் பின்வலதுக்குப் பதிலாக ஒரு மங்கலான உறுமல்.

காரணம் வரிசை. ஒலி மென்பொருளான ப்ரோ டூல்ஸ் தன் 5.1 கோப்பைத் திரையரங்க வரிசையில் வெளியிடும்: இடது, நடு, வலது, பின்னிடது, பின்வலது, எல்எஃப்ஈ என்னும் அடித்தாள ஒலிச் சேனல். ஒளிபரப்பு நிலையங்கள் கேட்பது இடது, வலது, நடு, எல்எஃப்ஈ, பின்னிடது, பின்வலது. ஆறு சேனலும் இருக்கின்றன, ஆறிலும் ஒலி இருக்கிறது, அளவும் சரியாக இருக்கிறது. மீட்டரைப் பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. உரப்புக் கணக்கில்கூட இது பாதி ஒளிந்துகொள்ளும்: எல்எஃப்ஈ சேனலை அந்தக் கணக்கு சேர்ப்பதே இல்லை, ஆகவே அதன் இடத்தில் உட்கார்ந்திருந்த பின்னிடது ஒலி சத்தமில்லாமல் விடுபட்டுப்போகும், எண் சற்றே மாறும், ஆனால் அலறாது. கேபிள்களை இணைக்கும் பேட்ச் பேனலில் ஐந்து கம்பிகளை இடம் மாற்றி, படத்தைத் தொடாமல், 5 முதல் 10 வரை மட்டும் இன்சர்ட்டில் தேர்ந்தெடுத்து மறுபடி ஒரு மணி நேரம் ஓட்டினேன். அதன்பின் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன்: எந்தப் பல்சேனல் வேலையானாலும் தொடங்குமுன் என் குரலிலேயே 'இடது', 'வலது', 'நடு' என்று ஒவ்வொரு சேனலிலும் ஒரு சொல் பேசிப் பதிந்து, சோதனை டேப்பில் ஏற்றித் திரும்பக் கேட்பது.

அடுத்து டால்பி ஈ. என்கோடர் டிபி 571, டிகோடர் டிபி 572. இரண்டும் வாடகைக்கு வந்தன. 5.1 மிக்ஸும் ஸ்டீரியோ மிக்ஸும் சேர்ந்த எட்டுச் சேனல் அமைப்பைத் தேர்ந்தெடுத்து, மெட்டாடேட்டாவில் (ஒலியோடு செல்லும் குறிப்புத் தரவு) பேச்சின் உரப்பைச் சொல்லும் டயல்நார்ம் −23 என்றும் நடு, சரவுண்ட் இறக்கம் இரண்டும் −3 என்றும் எழுதினேன். ஒலிக் கணினியில் வெளியீடுகள் பதினாறே இருந்ததால், முதல் சுற்றிலேயே இதையும் சேர்த்து ஓட்ட வழியில்லை. 11, 12-க்குத் தனிச் சுற்று.

இந்த ஜோடி ட்ராக்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும்: அது ஒலிபோல ட்ராக்கில் கிடந்தாலும் ஒலி அல்ல, தரவு. டிகோட் செய்யாமல் ஸ்பீக்கரில் விட்டால், தகரக் கூரையில் கல்மழை கொட்டுவதுபோல, முழு அளவில், ஃப்ரேமுக்கு ஒருமுறை படபடக்கும் இரைச்சல் வரும். நான் ஹெட்போனோடு 11-க்குத் தேர்வைத் திருப்பியபோது அதை நேரடியாக அனுபவித்தேன்; இடது காதில் சிறிது நேரம் விசில் நின்றது. அதன்மீது எந்தக் கைவேலையும் ஆகாது. அளவை 0.1 டிபி மாற்றினாலும், சாம்பிள் விகிதத்தை மாற்றினாலும், எடிட் முனையில் ஒன்றை மங்கவைத்து மற்றொன்றை ஏற்றும் கிராஸ்ஃபேட் செய்தாலும் தரவு உடைந்து, டிகோடரில் மௌனமோ வெடிப்போ வரும். ஆகவே டெக்கின் மெனுவில் அந்த இரு ட்ராக்குகளையும் ஒலி அல்லாதவை என்று குறித்து, எடிட் முறையை ஃபேடிலிருந்து கட்டுக்கு மாற்றினேன். ஒவ்வொரு ஃப்ரேமின் தரவுப் பொட்டலத்துக்கும் இடையே ஒரு சிறு வெற்றிடம் உண்டு. 1080 வரிப் படத்தில் ஸ்விட்ச்சர் கருவிகள் ஒரு மூலத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது 7-ஆம் வரியில், அந்த இடத்தை இந்த வெற்றிடம் மூடியிருக்க வேண்டும். என்கோடரும் டெக்கும் ஒரே ரெஃபரன்ஸில் இருந்ததால் அது தானாக அமைந்தது.

தாமதத்தில்தான் சறுக்கினேன். என்கோடர் வேலை முடிக்க ஒரு ஃப்ரேம் எடுக்கும் என்று கையேட்டில் படித்திருந்தேன். ஒலிக் கணினியில் ஒரு ஃப்ரேம் முன்தள்ளி ஓட்டினேன். டிகோடரில் போட்டுக் கேட்டேன், எட்டுச் சேனலும் வந்தன, வரிசையும் சரி. கேசட்டில் பதிவுத் தடையை அழுத்தி, பெட்டியில் வைத்து ஏழாம் நாள் அனுப்பினேன்.

மறுநாள் நிலையத்தின் தரச் சோதனைப் பிரிவிலிருந்து தொலைபேசி வந்தது. "சார், பதினொண்ணு பன்னெண்டை டிகோட் பண்ணிப் பாத்தா உதடு முதல்ல அசையுது, குரல் பின்னால வருது. ஒரு ஃப்ரேம்தான். ஆனா இருக்கு." என்றார் அவர். "மூணு, நாலிலயும் ஒரு விஷயம் இருக்கு, எழுதி அனுப்பறேன்." அன்று மாலையே கேசட்டும் அறிக்கையும் திரும்பி வந்துவிட்டன.

ஒரு ஃப்ரேம் என்றால் 40 மில்லிவிநாடி. ஒலி பிந்துவதை மனிதர்கள் 125 மில்லிவிநாடி அளவில்தான் உணரத் தொடங்குகிறார்கள் என்றும், முந்துவதை 45 மில்லிவிநாடியிலேயே உணர்ந்துவிடுகிறார்கள் என்றும் ஐடியூவின் பிடி 1359 பரிந்துரை சொல்கிறது. அதை வைத்து வாதாடலாமா என்று ஒரு கணம் எண்ணினேன், பிறகு விட்டுவிட்டேன். டேப்பிலிருந்து வீட்டுத் திரை வரைக்கும் போகும் வழியில் எத்தனையோ கருவிகள் உண்டு. ஒவ்வொன்றும் இது கொஞ்சம்தானே என்று எண்ணினால் கடைசியில் மிஞ்சுவது குரலும் வாயும் சேராத ஒரு படம்.

என் கணக்கில் விடுபட்டது டிகோடர். என்கோடர் ஒரு ஃப்ரேம் எடுக்கிறது, டிகோடரும் ஒரு ஃப்ரேம் எடுக்கிறது. ஆக மொத்தம் இரண்டு, 80 மில்லிவிநாடி, 3840 சாம்பிள். டேப்பின் மேல் இந்தத் தரவு எங்கே நிற்க வேண்டும் என்பதில் நிலையங்களுக்குள் இரண்டு வழக்குகள் உண்டு. சிலர் டேப்பில் படத்துக்கு நேராக இருக்கட்டும், டிகோடர் எடுக்கும் ஒரு ஃப்ரேமை நாங்கள் ஈடுசெய்துகொள்கிறோம் என்பார்கள். வேறு சிலர் டேப்பிலேயே ஒரு ஃப்ரேம் முந்தி இருக்கட்டும், டிகோட் செய்ததும் நேராகிவிடும் என்பார்கள். இந்த நிலையம் இரண்டாவது வகை. ஆவணத்தில் எழுதப்பட்டிருந்த சொல் 'ஒத்திசைவாக' என்பது மட்டுமே; எதற்கு ஒத்திசைவு, டேப்பின் மேலா, டிகோடருக்குப் பிறகா என்று நானும் கேட்கவில்லை.

இம்முறை ஊகத்தில் விடாமல் அளந்தேன். கழித்துக் கட்டப்பட்ட ஒரு பழைய ஹெச்டிகேம் கேசட்டை எடுத்துக்கொண்டேன். அதற்கு நான்கு ட்ராக்கும் 20 பிட்டும் போதும், ஏனெனில் டால்பி ஈயின் தரவும் 20 பிட்டுக்குள் அடங்கிவிடும். கறுப்புத் திரையில் பத்து விநாடிக்கு ஒருமுறை ஒரே ஒரு ஃப்ரேம் வெள்ளை, அதே ஃப்ரேமில் ஒரு பீப். இதை 1, 2-இல் சாதாரண ஒலியாகவும் 3, 4-இல் என்கோடர் வழியாகவும் பதிந்தேன். திரும்ப ஓட்டி, 1-ஆம் ட்ராக்கையும் டிகோடரின் வெளியீட்டையும் அருகருகே கணினியில் ஏற்றிப் பெரிதாக்கினால், இரண்டு பீப்களின் தொடக்கத்துக்கும் இடையே 1920 சாம்பிள் இடைவெளி கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. முன்தள்ளலை இரண்டு ஃப்ரேமாக்கி மறுபடி பதிந்தேன். இரண்டு பீப்களும் ஒன்றின்கீழ் ஒன்றாக வந்து நின்றன. கேட்டு முடிவு செய்திருந்தால் இதைப் பிடித்திருக்க மாட்டேன். ஏனெனில் முதல்முறையும் கேட்டேன்தானே.

எம் அண்ட் ஈ பற்றிய புகார் வேறு ரகம். 10:17:42-இலும் 10:40:05-இலும் பேச்சு கேட்கிறது என்று அறிக்கை சொன்னது. இந்த ட்ராக்குகளின் பயனே, வேற்று மொழியில் குரல் சேர்ப்பவர்கள் அதன்மேல் தங்கள் குரலைப் போட்டுக்கொள்வதுதான். அடியில் மூல மொழி ஒரு சொல்கூட இருக்கக் கூடாது. நான் பேச்சு ட்ராக்குகள் அனைத்தையும் அணைத்துவிட்டுத்தான் வெளியிட்டிருந்தேன். 10:17:42-க்குப் போய், ஹெட்போன் அளவை ஏற்றிக் கேட்டேன். குகைக்குள் நின்று ஒரு முதியவர் பேசும் காட்சி அது. அவர் குரல் இல்லை. அவர் குரல் குகைச் சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலி மட்டும், சொல்லின்றி, அதன் வால்போல, நீரோசைக்கு அடியில் மிதந்துகொண்டிருந்தது. என்ன சொல்கிறார் என்று பிரித்தறிய முடியாது. யாரோ சொல்கிறார் என்பது தெரியும். கொஞ்ச நேரம் மயிர்க்கூச்செறிந்தது என்றே சொல்ல வேண்டும்.

குகையின் எதிரொலிக்கு வைத்த ரிவெர்ப், காலடி ஓசைக்கும் பேச்சுக்கும் பொதுவாக இருந்தது. அதன் வெளியீடு, சூழலொலிகள் ஒன்றுசேரும் பாதையான சூழலொலிப் பஸ்ஸுக்குப் போயிற்று. பேச்சு ட்ராக்கின் ஒலியளவைக் கட்டுப்படுத்தும் ஃபேடரை இறக்கினேனே தவிர, ரிவெர்ப்புக்குப் போகும் அனுப்பல் ஃபேடருக்கு முன்னால் பிரிந்திருந்தது. ஆகவே குரல் அணைந்தது, அதன் நிழல் அணையவில்லை. பேச்சுக்குத் தனி ரிவெர்ப் வைத்து அதைப் பேச்சுப் பஸ்ஸிலேயே முடித்தேன். அறிக்கை சொன்னது இரண்டு இடங்கள். முழுப் படத்தையும் 3, 4 மட்டும் வைத்துக் கேட்டபோது ஏழு இடங்கள் அகப்பட்டன. இந்த வேலையைப் படம் பார்க்காமல்தான் செய்ய வேண்டும். உதடு அசைவதைக் கண்டால் இல்லாத குரலும் கேட்கும். மெய்யாக இருக்கும் குரல் காட்சியோடு இயைந்து காதிலிருந்து நழுவியும்விடும். பேச்சை நீக்கியதால் சில காட்சிகளில் சூழலும் பொத்தலாகியிருந்தது. பேட்டியின் அடியில் இருந்த மழை, பேச்சோடு சேர்ந்தே போய்விட்டது. வேறிடத்தில் பதிந்திருந்த மழையை எடுத்து அந்த இடைவெளிகளை நிரப்பினேன்.

பத்தாம் நாள் டெக் அறையில் இரண்டே சுற்று: 3, 4 ஒருமுறை, 11, 12 ஒருமுறை. படத்தையோ மற்ற ட்ராக்குகளையோ தொடவில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் இன்சர்ட் பலகையில் எரியும் விளக்குகளை ஆபரேட்டர் உரக்கப் படித்தார், நான் தாளில் சரிபார்த்தேன். 'வீடியோ' விளக்கு எரியவில்லை என்பதை மட்டும் இருமுறை சொல்லச் சொன்னேன். பிறகு டேப்பை 09:57-லிருந்து கடைசி வரை, எந்த இடத்தையும் தாண்டாமல், ஒரே மூச்சில் ஓட்டினோம். டெக்கின் முகப்பில் இருக்கும் சேனல் கண்டிஷன் விளக்கு பச்சையிலேயே நின்றது. ஒருமுறைகூட மஞ்சளுக்குப் போகவில்லை. இத்தனை முறை ஓடிய டேப்புக்கு இது நல்ல செய்தி.

லேபிளை மாற்றி எழுதினேன். முதல் லேபிளில் 11, 12-க்கு நேரே 'டால்பி ஈ' என்று மட்டும் இருந்தது. புதியதில் 'டால்பி ஈ, 5.1 + ஸ்டீரியோ, 20 பிட், டேப்பில் ஒரு ஃப்ரேம் முந்தியது, டிகோடுக்குப் பின் படத்துக்கு நேர்' என்று எழுதினேன்; 5 முதல் 10 வரை ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே சேனலின் பெயரையும் எழுதினேன். அந்தச் சிறிய தாளில் இடம் போதாமல் எழுத்து நெருங்கிப்போயிற்று. பதினோராம் நாள் கேசட் போனது; இரண்டு நாள் கழித்து ஏற்பு அறிக்கை வந்தது. அதில் ஒலிப் பகுதியில் ஒரே ஒரு குறிப்பு: லேபிள் கையெழுத்தில் இருக்கிறது, அடுத்தமுறை அச்சிட்டு அனுப்பவும்.